‘என்ன பங்காளி!’ – ஒரு மதுரைச் சொல்லின் கதை

காளவாசல் டீக்கடையாகட்டும், சிம்மக்கல் பேருந்து நிறுத்தமாகட்டும், இரண்டு பையன்கள் பேசிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் காது கொடுத்துப் பாருங்கள். “என்னா பங்காளி, ஆளையே காணோம்?” என்று ஒருவர் கேட்பார். “வா மாப்ள, ஒரு டீயப் போடுவோம்” என்பார் இன்னொருவர். இருவரும் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஒரே சாதியாகவோ ஒரே மதமாகவோ இருக்க வேண்டியதும் இல்லை. கூடவே இருக்கிறவன், கஷ்டத்தில் கைவிடாதவன் என்பதற்கு மதுரைக்காரர் வைத்திருக்கும் சொல் பங்காளி.

வெளியூரிலிருந்து வந்து நம் குடியிருப்பில் வசிக்கும் பலருக்கு இந்தச் சொல் வியப்பாக இருக்கும். பல ஊர்களில் பங்காளி என்றாலே வழக்கும் வம்பும்தான் நினைவுக்கு வரும். ‘பங்காளிச் சண்டை’, ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று சொல்கிறோம். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும் என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அப்படிப்பட்ட சொல் உயிர் நண்பனுக்குப் பெயரானது எப்படி? இந்த இதழில் அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

சொல்லுக்குள் இருக்கும் பங்கு

பங்கு என்ற சொல்லோடு ‘ஆளி’ சேர்ந்தால் பங்காளி. பங்கை உடையவர் என்பது நேர்ப்பொருள். தொழிலாளி, பகையாளி, எதிராளி எல்லாம் இதே வார்ப்புதான். நட்பைக் குறிக்கும் இன்னொரு சொல்லான கூட்டாளியும் அப்படியே. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் நண்பரைச் சொல்ல இன்றும் பெரும்பாலும் கூட்டாளி என்றே சொல்கிறார்கள். தென்மாவட்டங்களில் சேக்காளி என்றும் உண்டு. இந்தச் சொற்கள் எல்லாம் எதையோ சேர்ந்து செய்பவரைச் சுட்டுகின்றன. பங்காளி இன்னும் ஒரு படி மேலே போய், சேர்ந்து உடைமை கொண்டவரைச் சுட்டுகிறது.

உறவுமுறையில் பங்காளி என்பவர் தந்தைவழியில் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர். பாட்டன் சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அதே குலதெய்வம், அதே தீட்டு. அவர் வீட்டில் சாவு விழுந்தால் நம் வீட்டிலும் விசேஷம் தள்ளிப்போகும். இன்னொரு பக்கம் மாமன், மச்சான், மாப்பிள்ளை. இவர்கள் பெண் கொடுத்து, பெண் எடுத்து உண்டாகும் உறவு. சீர் கொண்டு வருவார்கள், கோடி போடுவார்கள், கேலி பேசுவார்கள். அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டு, சொத்தில் பங்கு கிடையாது.

இந்த இரண்டு பக்கத்தையும் உன்னிப்பாகக் கவனித்து எழுதியவர் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர். 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்து, 1957இல் பெரிய நூலாக வெளியிட்டார். 1986இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. சமூகத்தில் உள்ள எல்லோரும் ஒருவருக்கு ஒன்று பங்காளி, அல்லது மாமன் மச்சான் என்று பிரிந்து நிற்பதை அவர் விரிவாகக் காட்டினார். உலகெங்கும் உறவுமுறையைப் படிக்கும் மாணவர்கள் நம் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களை அறிந்திருப்பதற்கு அந்த நூல் ஒரு முக்கியக் காரணம்.

நட்புக்கு வந்தபோது நம் ஊர் இரண்டு பக்கத்துச் சொல்லையும் எடுத்துக்கொண்டது. கேலியும் கிண்டலுமாகப் பழகுபவன் மாப்ள. நல்லது கெட்டது இரண்டிலும் கூட நிற்பவன் பங்காளி. இதில் மாப்ள, மச்சான் ஊர் தாண்டிப் போய்விட்டன. இலங்கையில் சிங்கள இளைஞர்களும் நண்பனை ‘மச்சாங்’ என்று அழைப்பதைக் கிரிக்கெட் பார்ப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். அது நம் மச்சானேதான். பங்காளி அவ்வளவு தூரம் பயணப்படவில்லை. மண்ணோடும் பாகத்தோடும் கட்டுண்ட சொல் என்பதால் அப்படியோ என்னவோ.

உயிரைக் கொடுத்த துணைவர்கள்

விசுவாசமான துணைவர் என்றால் பாண்டிய நாட்டு வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் வேறு ஆட்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு ஆபத்துதவிகளைத் தெரியும். வீரபாண்டியனின் தலையை வெட்டியதற்குப் பழிவாங்கத் துடிக்கும் கூட்டம். கதையில் வரும் சதியின் விவரங்களில் பெரும்பாலானவை கல்கியின் கற்பனை வளம். ஆனால் ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ என்ற பெயர் கல்வெட்டுகளில் உள்ளது. அரசனுக்கு ஆபத்து வந்தால் உதவ வேண்டும் என்ற உறுதியோடு அருகிலேயே இருந்த வீரர்கள் இவர்கள்.

1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இத்தகையவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசன் இறந்து உடல் எரியும்போது, அவனுடைய நம்பிக்கைக்குரிய துணைவர்கள் தாங்களும் நெருப்பில் விழுவார்களாம். இந்த உலகத்தில் துணையாக இருந்தவர்கள் அந்த உலகத்திலும் துணையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம் என்கிறார்.

அவருக்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே அபு சைத் என்ற அரபு எழுத்தாளர் இந்தியாவைப் பற்றி இதே மாதிரி ஒரு செய்தியைப் பதிவு செய்தார். இங்குள்ள சில அரசர்கள் பட்டமேறும்போது சோறு சமைத்து வாழை இலையில் வைப்பார்களாம். தாமாக முன்வந்த முந்நூறு, நானூறு துணைவர்கள் அதை வாங்கி உண்பார்கள். உண்டவர் ஒவ்வொருவரும் அரசன் இறக்கும் நாளில் தாமும் நெருப்பில் இறங்கக் கடமைப்பட்டவர். எந்த அரசன், எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வாழை இலையும் சோறும் நமக்கு அந்நியமா? செஞ்சோற்றுக் கடன் என்று தமிழில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. கர்ணன் துரியோதனனுக்குச் செலுத்தியது அதைத்தான்.

இவ்வளவு பெரிய தியாகம் செய்த துணைவர்களின் பெயர் மக்கள் வாயில் நின்றதா? இல்லை. இன்று எந்த நண்பனையும் நாம் ‘ஏய் ஆபத்துதவி’ என்று கூப்பிடுவதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேலே இருப்பவருக்கு விசுவாசமாக இருப்பவரைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக வசைச் சொற்களாகிவிட்டன. அடிப்பொடி என்பது ஒரு காலத்தில் எவ்வளவு உயர்ந்த சொல்! ஆழ்வார் ஒருவர் தம்மைத் தொண்டர்களின் அடிப்பொடி என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெயராலேயே அழியாப் புகழ் பெற்றார். இன்று “அவர் அடிப்பொடிங்க” என்றால் அது கேலி. கைத்தடி, எடுபிடி, அல்லக்கை, ஜால்ரா எல்லாம் அதே வரிசைதான்.

மக்கள் ஏன் இப்படி மாற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேல்நோக்கிய விசுவாசத்தில் கொடுப்பது ஒருவர், பெறுவது இன்னொருவர். துணைவன் அரசனோடு தீயில் இறங்கினான். துணைவன் செத்தால் அரசன் இறங்கினானா? 1980களின் மதுரையைக் காட்டிய ‘சுப்பிரமணியபுரம்’ (2008) படத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அரசியல் குடும்பத்துப் பெரிய மனிதருக்காகக் கொலை செய்யும் இளைஞர்களை, சிறைக்குப் போனதும் அவர் கைகழுவிவிடுகிறார். படம் ஓடிய திரையரங்குகளில் அந்தக் கட்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இடம் ஒதுக்கி வைத்த நட்பு

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பாண்டிய நாடு தந்த இன்னொரு கதை இருக்கிறது. பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழன் உறையூர் அரசன். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பிள்ளைகளோடு ஏற்பட்ட பிணக்கில் சோழன் வடக்கிருந்து உயிர்விட முடிவு செய்தபோது, ஆந்தையாருக்குத் தன் அருகில் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவர் வருவாரா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். வந்தார். புறநானூறு சொல்லும் செய்தி இது. பாரதிதாசன் இதை ‘பிசிராந்தையார்’ என்று நாடகமாக்கினார். அதற்கு 1969ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இங்கும் ஓர் உயிர் போகிறது. ஆனால் ஆபத்துதவி கதையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது பாருங்கள். புலவர் அரசனின் சோற்றை உண்டவர் அல்லர், வேறொரு நாட்டுக்காரர். அரசன் அவருக்குக் கட்டளை அனுப்பவும் இல்லை. தன் கடைசி இடத்தில் பாதியை நண்பனுக்கென்று ஒதுக்கினான். ஒரு பங்கு வைத்தான், அவ்வளவுதான்.

பங்கு வைப்பதில் நட்பைக் கண்டது நாம் மட்டும் இல்லை. துணைவர் என்று பொருள்படும் ‘கம்பேனியன்’ என்ற ஆங்கிலச் சொல், ரொட்டியைச் சேர்ந்து உண்பவர் என்ற லத்தீன் பொருளிலிருந்து பிறந்தது. ‘கம்பெனி’யும் அதே வழிதான். நாம் தோழர் என்று மொழிபெயர்க்கும் ‘காம்ரேட்’, ஸ்பானிய மொழியில் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டவர். ஒருவர் ரொட்டியைப் பிட்டார், ஒருவர் அறையைப் பகிர்ந்தார், நம் ஊர்க்காரர் பங்கையே பெயராக்கிவிட்டார்.

கூறும் மடையும் வரியும்

பங்கு என்பது மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வெறும் பேச்சாக இருந்ததில்லை. அது அன்றாட வேலை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துக் குன்றில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கைகள் வெட்டித் தந்தவர்களின் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் இருக்கின்றன. சுமார் 2,200 ஆண்டுப் பழமை. நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர் பெயரோடு, வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தாரும் அங்கே கொடையாளிகள். நிகமம் என்றால் வணிகர் கூட்டமைப்பு. பெயர் தெரியாத பலர் சேர்ந்து ஒரு கொடைக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு சங்கத்தின் வசூல்.

தீபாவளிக்கு முன்னால் கிராமத்தில் நாலு பேர் சேர்ந்து ஆடு வாங்கி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு, ஈரல், தொடை எல்லாம் கலந்து சம கூறாகப் போடுவார்கள். யாருக்கு எந்தக் கூறு என்று பிறகுதான் முடிவாகும். இந்தப் பங்குக் கறியில் நல்ல துண்டை மட்டும் பொறுக்க வழியில்லை.

குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்து, பணக்காரரும் ஏழையும் ஒரே தொகை கட்டுவார்கள். திருமங்கலம் அருகே வடக்கம்பட்டியில் முனியாண்டி விலாஸ் உணவகக்காரர்கள் ஆண்டுதோறும் கூடி, அன்றாட வருமானத்தில் ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் ஊருக்கே பிரியாணி போடுகிறார்கள். ஊர் ஊராகக் கடை வைத்துத் தொழிலில் போட்டியிடக்கூடியவர்கள், ஒரு தெய்வத்தின் பெயரில் பங்காளிகளாகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பங்கு தண்ணீர்தான். கண்மாயில் நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். மடைக்குப் பக்கத்து வயல்காரர் கையை அடக்கினால்தான் கடைமடைக்காரரின் பயிர் பிழைக்கும். வரத்துக்கால் தூர்ந்தால் எல்லோரும் மண்வெட்டியோடு வர வேண்டும். அதைத்தான் குடிமராமத்து என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சி 1858இல் இந்த உழைப்பைச் சட்டமாகவே எழுதிவைத்தது. சட்டம் போட வேண்டி வந்ததே, தானாக வருவோர் குறையத் தொடங்கியதற்கு அடையாளம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் கண்மாய்களைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது.

பங்காளியோடு ஏன் சண்டை வருகிறது என்பது இப்போது புரிகிறது அல்லவா? பங்கு இருக்கும் இடத்தில்தான் சண்டையும் இருக்கும். பங்கே இல்லாதவரோடு யாரும் வரப்புக்கு அடித்துக்கொள்வதில்லை. ஆனால் சண்டை போட்ட அதே பங்காளிதான் சாவு வீட்டுக்கு முதலில் வந்து நிற்பார். வராமல் இருக்க முடியாது, தீட்டு அவருக்கும் உண்டு. நட்புக்கு இந்தச் சொல்லை எடுத்தவர்கள் சண்டையைத் தெரியாமல் எடுக்கவில்லை. சண்டைக்குப் பிறகும் போகாதவன் என்பதால் எடுத்தார்கள்.

பங்கு கிடைக்காதவர்கள்

சொல்லை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. அதன் வரலாற்றில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. பங்காளி என்பது ஆண்களின் சொல்லாகவே நெடுங்காலம் இருந்தது. பாட்டன் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு, மகளுக்குச் சீர்தான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதுவரை திருமணமாகாத மகள்களுக்கு மகனைப் போலவே பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, பெண்கள் முழுப் பங்காளிகளாகி அதிக காலம் ஆகவில்லை.

ஊர்ப் பொதுவிலும் அப்படித்தான். நம் மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996இலிருந்து பத்தாண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006இல்தான் நடந்தது. தங்களுக்குள் கூறு பிசகாமல் பங்கு வைக்கத் தெரிந்தவர்கள், எல்லோருக்கும் உரிய ஒரு நாற்காலியில் பங்கு தர மறுத்தார்கள். பங்காளி என்ற சொல் யாரையெல்லாம் உள்ளே விடுகிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. சாதியும் மதமும் பார்க்காமல் டீக்கடையில் அந்தச் சொல்லைப் புழங்கும் பையன்கள், அந்த வகையில் பெரியவர்களைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்.

உங்கள் பத்திரத்தில் இருக்கும் சொல்

இப்போது உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சுவரும் தரையும் உங்களுடையது. அடியிலுள்ள மண்? ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று இத்தனை சதுர அடி எழுதியிருக்கும். அது கிழக்கு மூலையா மேற்கு மூலையா என்று யாராலும் காட்ட முடியாது. மண்ணின் ஒவ்வொரு பிடியிலும் எல்லோருக்கும் பாகம் உண்டு. பாட்டன் சொத்தைப் பிரித்து எழுதிக்கொண்ட அண்ணன் தம்பிகள்கூட ஒருநாள் தனித்தனி வரப்பு போட்டுவிடலாம். நமக்கு அதுவும் வழியில்லை. சட்டத்தின் கண்ணில், எந்த உறவும் இல்லாத நாம்தான் இன்று மதுரையின் அசல் பங்காளிகள்.

அப்படியானால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை நம் தலைக்கட்டு வரி. கோடையில் லாரித் தண்ணீர் இறக்கும் நாளில் தொட்டியின் குழாய்தான் நம் மடை. மேல்மாடியில் அழுத்தம் குறைந்து சொட்டும் வீடுதான் நம் கடைமடை. கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவும்போது அந்த வீட்டை நினைத்துக்கொள்வது பங்காளித்தனம். லிப்ட் பழுதுக்குப் பணம் கேட்டால் “நான் முதல் மாடி, எனக்கெதுக்கு?” என்பது, பங்குக் கறியில் தொடையை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பைத் தள்ளிவிடுவது.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள், இரவெல்லாம் வாசலில் விழித்திருக்கும் காவலாளி, படிக்கட்டு கழுவும் அம்மா. மண்ணில் அவர்களுக்குப் பாகம் இல்லை என்பது சட்டம். தண்ணீர் நின்றால் அவர்களுக்கும் நிற்கிறது, யார் வீட்டிலாவது ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான். அவர்களை எடுபிடியாக நடத்துவதா, பங்காளியாக நடத்துவதா என்பதை எந்தச் சட்டமும் நமக்காக முடிவு செய்யாது. அரசனுக்காகத் தீயில் இறங்கியவர்களுக்கு நேர்ந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பதிலுக்கு எதுவும் கிடைக்காத விசுவாசத்தை யாரிடமும் கேட்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த பொதுக்குழுவில் தண்ணீர்க் கணக்கு வரும்போது வாக்குவாதமும் வரும். வரட்டும், பங்காளிகள் கூடினால் அது உண்டு. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, எதிர்த்துப் பேசியவரைப் பார்த்து “டீ குடிக்கலாமா பங்காளி?” என்று கேட்டுப் பாருங்கள். பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொல்லில் அவர்களுக்கும் இப்போது முழுப் பங்கு உண்டு.

உங்கள் சொந்த ஊரில் உற்ற தோழரை என்ன சொல்லி அழைப்பீர்கள்? சேக்காளியா, கூட்டாளியா, வேறு சொல்லா? எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லாவற்றையும் கூறு போட்டு வைப்போம்.